தூண்டில் பெட்டி: நான் பிடிச்சது அழிஞ்சு போன மீனா?

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "வினோதமா ஒரு மீன் மாட்டுச்சு, இது என்ன மீன், அழிஞ்சு போச்சுன்னு சொல்ற மீனா இருக்குமா?" அதனால கொக்கி எப்படிக் கட்டறது, தக்கை எந்தக் கம்பெனி நல்லதுங்கற கேள்வி எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், போன ஞாயித்துக்கிழமை ஏரியில மண்புழு மாட்டி அடியில போட்டிருந்தேன். தக்கை ரெண்டு தடவ ஆடிட்டு அப்படியே முங்கிடுச்சு. இழுத்துப் பாத்தா ரெண்டு கிலோ இருக்கும், உடம்புல செதிலே இல்ல, தோல் மாதிரி வழவழன்னு பழுப்பா இருக்கு, ஆனா முதுகு ஓரமா மட்டும் ஒரே வரிசையா கட்டைவிரல் நகத்த விடப் பெரிய செதில், தங்கக் காச ஒட்டி வச்ச மாதிரி. வால் கிட்ட இன்னும் நாலஞ்சு. இருபது வருஷமா தூண்டில் போடறேன், இப்படி ஒண்ணு பாத்ததே இல்ல. நெட்ல தேடினா அழிஞ்சு போன மீனுன்னு ஒரு பழைய வரைபடம் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கு. மச்சான் "கண்டிப்பா நியூஸ்ல வரும்"ங்கறான். மீன திருப்பி விட்டுட்டேன், ஒரே ஒரு ஃபோட்டோ இருக்கு, அனுப்பியிருக்கேன்.

பதில்: மச்சான் கிட்ட கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க.

ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். நீங்க எல்லாரும் பாக்கறது அந்தத் தங்கக் காச, நான் முதல்ல பாத்தது வாய் ஓரத்த. அங்க ரெண்டு மீசை தெரியுது, ஒண்ணு குட்டை, ஒண்ணு நீளம். அந்தப் பக்கமும் ரெண்டு இருக்கணும், ஆக மொத்தம் ரெண்டு ஜோடி. அப்புறம் முதுகுத் துடுப்பு, அது முதுகு நடுவுல ஆரம்பிச்சு வால் பக்கம் வரைக்கும் நீளமா ஓடுது, முன்னாடி ஒரு கெட்டி முள்ளு இருக்கு, நேர்ல தடவிப் பாத்திருந்தா அந்த முள்ளோட பின்பக்கம் ரம்பம் மாதிரி இருந்திருக்கும். இந்த மூணும் சேர்ந்தா அது சாதா கெண்டை, காமன் கார்ப்னு சொல்றோமே அதேதான். உங்களது அதுல ஒரு ரகம், மிரர் கார்ப், கண்ணாடிக் கெண்டை.

செதில் எங்க போச்சுன்னு கேப்பீங்க. குளத்துல கெண்டை வளக்கறவங்க ரொம்ப காலமா செதில் கம்மியா இருக்கறத தேடித் தேடி இனப்பெருக்கம் பண்ணி எடுத்த ரகம் இது. 2009ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல காரணத்த ஜீன் அளவுல கண்டுபிடிச்சாங்க. உடம்பு உருவாகறதுக்கு ரொம்ப முக்கியமான ஒரு ஜீன் கெண்டைக்கு ரெண்டு காப்பி இருக்கு, அதுல ஒண்ணு கெட்டுப் போனா மத்த வேலைய இன்னொண்ணு பாத்துக்கும், செதில் மட்டும் அடி வாங்கும். எலி மாதிரி ஒரே காப்பி இருக்கற ஜந்துவா இருந்தா அந்த ஜீன் போனா கருவுலயே கதை முடிஞ்சிருக்கும், இது பொழைச்சுக்கிச்சு. இதுல இன்னொரு தமாஷ், மடகாஸ்கர் தீவுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த செதில் கம்மியான ரகத்தக் கொண்டு போய் விட்டாங்க, அங்க ஆத்துல ஏரியில தப்பிச்சுப் போனதோட வம்சம் சில பத்து வருஷத்துல மறுபடி உடம்பு முழுக்க செதிலோட திரியுது. இயற்கையில செதில் வேணும் போல.

இப்ப உங்க வரைபட விஷயத்துக்கு வர்றேன். பழைய வரைபடத்தோட ஒப்பிட்டது தப்பில்ல, ஆனா எத ஒப்பிட்டீங்க? நிறத்தையும் மொத்த சாயலையும். நிறம் பொய் சொல்லும்ங்க. ஒரே மீனு கலங்கல் தண்ணியில வெளிறிப் போயிருக்கும், தெளிஞ்ச தண்ணியில கருத்துப் போயிருக்கும், பயந்தா ஒரு நிறம், செத்து அரைமணி ஆனா வேற நிறம். சாயலும் அப்படித்தான், பட்டினி கிடந்த மீனு தலை பெருத்து உடம்பு ஒடுங்கி வேற ஜாதி மாதிரி நிக்கும், முட்டை நிறைஞ்சதப் பாத்தா இது அதான்னு நம்ப முடியாது. எண்ணிக்கை அவ்வளவு சுலபமா மாறாது. மீசை எத்தனை, முதுகுத் துடுப்புல எத்தனை முள்ளு எத்தனை கதிர் (துடுப்ப விரிச்சுத் தாங்கற மெல்லிசு குச்சி), அடியில வால் கிட்ட இருக்கற துடுப்புல எத்தனை கதிர், பக்கவாட்டுக் கோட்டுல செவுள்ல இருந்து வால் வரைக்கும் எத்தனை செதில். மீன் ஆராய்ச்சி பண்றவங்க கிட்ட ஒரு மீனக் கொடுத்துப் பாருங்க, அழக ரசிக்க மாட்டாங்க, ஊசிய எடுத்து எண்ண ஆரம்பிச்சிடுவாங்க.

எனக்கே இந்த அடி விழுந்திருக்கு. சின்ன வயசுல மூக்கே இல்லாத ஒரு கெண்டை மாட்டுச்சு, மூஞ்சி நாய்க்குட்டி மாதிரி தட்டையா, கண்ணு ரெண்டும் பிதுங்கி, கீழ்த்தாடை மட்டும் நீட்டிக்கிட்டு. புது ஜாதிய கண்டுபிடிச்சுட்டேன்னு வாளியில தூக்கிக்கிட்டு ஒரு பேராசிரியர் கிட்ட ஓடினேன். அவரு ஒரு நிமிஷம் கூட எடுத்துக்கல, செதில எண்ணினாரு, துடுப்ப விரிச்சு எண்ணினாரு, "தம்பி இது சாதா கெண்டைதான், மண்டை எலும்பு சரியா வளராம பொறந்திருக்கு, அங்கங்க வரும்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. வாளியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்த தூரம் இருக்கே, அது மறக்காது.

கேள்வி: நான் பிடிச்ச மீனுக்குத் தலை முழுக்க வெள்ளை வெள்ளையா பரு மாதிரி, தொட்டா சொரசொரன்னு இருந்துச்சு. நோயா, இல்ல தனி ஜாதியா?

பதில்: ரெண்டும் இல்ல, மாப்பிள்ளை கோலம். கெண்டைக் குடும்பத்து ஆண் மீன்கள் பல ஜாதியில முட்டையிடற காலத்துல தலையிலயும் துடுப்புலயும் இந்த மாதிரி கெட்டிப் பரு வரும், சீசன் முடிஞ்சா உதிர்ந்துடும். நோய் புள்ளின்னா உப்பு தூவின மாதிரி உடம்பு துடுப்பு எல்லாத்துலயும் ஒழுங்கில்லாம இருக்கும், இது பெரும்பாலும் மூக்கு கன்னத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைஞ்சிருக்கும்.

கேள்வி: அண்ணா, நான் கனடாவில இருக்கிறன். போன கோடையில ஒரு ஏரியில வால்ஐ பிடிச்சன், பச்சை கலந்த தங்க நிறமா இருக்க வேண்டிய மீன் முழுக்க நீலம். இங்க வயசான தூண்டில்காரர் ஒருத்தர் "இது புளூ பைக், எப்பவோ அழிஞ்சு போனது"ன்னு சொல்றார். உண்மையா?

பதில்: மத்தவங்களுக்காக முதல்ல ஒரு வரி, இவரு சொல்றது நம்ம வாளை இல்ல, வால்ஐ, வட அமெரிக்க நன்னீர் மீன், கண்ணு வெளிச்சத்துல பளபளக்கும்.

தம்பி, இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய வரலாறே இருக்கு. ஈரி ஏரியில புளூ பைக்னு ஒரு நீல மீன் வலை வலையா மாட்டிக்கிட்டு இருந்துச்சு, 1950கள் கடைசியில அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு, 1983ல அமெரிக்க அரசு அழிஞ்சு போச்சுன்னே அறிவிச்சுட்டாங்க. அதுல இருந்து நீலமா ஒரு வால்ஐ மாட்டினா போதும், தூண்டில்காரங்க ஐஸ் பெட்டியில வச்சு எடுத்துக்கிட்டு ஆராய்ச்சிக்காரங்க வீட்டுக் கதவத் தட்டறதுதான் வழக்கமாப் போச்சு.

உங்க மீனோட நீலம் எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? கையில ஒட்டுச்சா? கனடாவோட வடக்கு ஏரிகள்ல இருக்கற நீல வால்ஐக்கு நீலம் வழவழப்புலதான் இருக்கு, மேல சுரக்கற அந்தக் கொழகொழப்பே நீலம். அதுக்குக் காரணமான புரதத்துக்கு சாண்டர்சயனின்னு பேரு, பித்தத்துல வர்ற பிலிவெர்டின்ங்கற நிறமிய அது பிடிச்சு வச்சுக்கும், புறஊதா வெளிச்சம் அடிச்சா சிவப்பா ஒளிரும். இந்தப் புரதத்தோட அமைப்ப அலசி 2016ல ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டவங்கள்ல பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்காரங்களும் இருந்தாங்க, கனடா ஏரி மீனோட கொழகொழப்பு பெங்களூர் வரைக்கும் வந்திருக்கு பாருங்க.

சரி, அப்ப அழிஞ்சு போன அந்த புளூ பைக்? அதோட பழைய மாதிரிகள எடுத்து 2014ல மரபணு பாத்தாங்க, சாதா வால்ஐல இருந்து தனி ஜாதின்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு வித்தியாசமே வரல. அதாவது தனி ஜாதி ஒண்ணு தொலைஞ்சு போச்சுன்னு இத்தன வருஷம் அழுதது ஒருவேள வால்ஐயோட ஒரு நீலக் கூட்டத்துக்காக. பெரியவர் கிட்ட இத மெதுவா சொல்லுங்க, அவரு ஞாபகம் பொய் இல்ல, அந்த மீனு இருந்தது உண்மை, பேருலதான் பிரச்சினை.

கேள்வி: ஃபோன் ஆப்ல ஃபோட்டோ போட்டா உடனே பேரு சொல்லுதே, அப்புறம் எதுக்கு சார் எண்ணிக்கிட்டு?

பதில்: நானும் வச்சிருக்கேன், விரால், ஜிலேபி மாதிரி எல்லா இடத்துலயும் இருக்கறதுக்கு நல்லாவே சொல்லும். ஆனா அது கத்துக்கிட்டது ஜனங்க எடுத்த ஃபோட்டோவுல இருந்து. எண்பது வருஷமா யாருமே பாக்காத மீனுக்கு ஃபோட்டோவே கிடையாதே, எங்க இருந்து கத்துக்கும்? அதனால நெசமாவே அபூர்வமான மீனக் காட்டினா அதுக்குத் தெரிஞ்ச பக்கத்து ஜாதியோட பேர அடிச்சு விட்டுரும். தலைகீழாவும் நடக்குது. உடம்பு பூரா கவசம், அடியில உறிஞ்சற வாய், வரிவரியா புள்ளி, "டைனோசர் காலத்து மீனு"ன்னு இந்த மாசம் மட்டும் ஆறு பேர் ஃபோட்டோ அனுப்பியிருக்கீங்க, ஆறும் டேங்க் கிளீனர். தென் அமெரிக்காவுல இருந்து மீன் தொட்டிக்காக வந்தது, பெருசானதும் யாரோ கொண்டு போய் தண்ணியில விட்டது. வினோதமா எது மாட்டினாலும் முதல் சந்தேகம் தொட்டி மேலதான் இருக்கணும்.

கேள்வி: நீங்க எல்லாத்தையும் இல்ல இல்லன்னே சொல்றீங்க. அழிஞ்சு போச்சுன்னு சொன்ன மீனு ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?

பதில்: வந்திருக்கு, அதுவும் நல்ல கதை.

ஜப்பான்ல தசாவா ஏரின்னு ஒண்ணு, அந்த நாட்டுலயே ஆழமானது, 423 மீட்டர். அதுல மட்டும் குனிமாசுன்னு ஒரு கருப்பு நிற சால்மன் வகை இருந்துச்சு. 1940ல மின்சாரத் திட்டத்துக்காகப் பக்கத்து ஆத்த ஏரியில திருப்பினாங்க, அந்த ஆத்துத் தண்ணி பயங்கர அமிலம், மீனு மொத்தமும் போச்சு. அப்புறம் பரிசு அறிவிச்சுக் கூடத் தேடிப் பாத்தாங்க, கிடைக்கல. 2010ல கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நகாபோ தெத்சுஜி, மீன் படம் வரையறதுல பேர் போன சகானா குன்ங்கற டிவி பிரபலத்துக்கிட்ட அழிஞ்ச அந்த மீன வரைஞ்சு தரச் சொன்னாரு. அவரு மாதிரிக்கு வச்சு வரையலாம்னு சொந்தக்கார ஜாதி மீன, ஹிமெமாசுன்னு பேரு, ஃபுஜி மலைப் பக்கம் இருக்கற சாய்கோ ஏரியில இருந்து வரவழைச்சாரு. வந்த பெட்டியத் தொறந்தா மீனு கருப்பா இருக்கு, அதுவும் ஹிமெமாசு முட்டையிடாத பருவத்துல முட்டையோட. சந்தேகம் வந்துடுச்சு.

நகாபோ என்ன பண்ணினாரு தெரியுமா, எண்ணினாரு. செவுளுக்குள்ள சீப்புப் பல்லு மாதிரி இருக்குமே அது எத்தனை, இரைப்பை முடியற இடத்துல விரல் விரலா தொங்கற பை எத்தனை. ஹிமெமாசுக்கு இருக்கறத விட அந்தப் பை கம்மி, பழைய குனிமாசு மாதிரிகளோட ஒத்துப் போச்சு. மரபணுவும் தனின்னு காட்டுச்சு. 1935 வாக்குல தசாவா ஏரியில இருந்து முட்டைய வேற ஏரிகளுக்கு அனுப்பியிருக்காங்க, சாய்கோவும் அதுல ஒண்ணு, அங்க விட்டது எழுபது வருஷமா சத்தமில்லாம குடும்பம் நடத்திக்கிட்டு இருந்திருக்கு. அத விட வேடிக்கை, சாய்கோ மீனவங்களுக்கு இந்த மீனு நல்லாவே தெரியும், "கருப்பு மாசு"ன்னு (நம்ம ஊரு மாசு இல்ல, ஜப்பான்ல மாசுன்னா ஒரு சால்மன் வகை மீனு) கூப்பிட்டுக்கிட்டு பிடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. ஹிமெமாசுதான் கருத்துப் போயிருக்குன்னு நினைச்சுக்கிட்டு.

நம்ம நாட்டுலயும் இருக்கு. விரால் குடும்பத்துல சேல் விரால்னு சொல்லலாம், மேற்கு வங்கத்துல சேல் ஆத்துப் பக்கம் இருக்கறது, 1845லயே பேரு வச்சாச்சு, அப்புறம் எண்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படாம 2024ல காலிம்போங் பக்கம் மறுபடி கிடைச்சுது. துருக்கியில பேட்மேன் ஆத்து அயிரை, ஆமா ஆத்தோட பேரே அதுதான், 1974க்கு அப்புறம் 2021லதான் அகப்பட்டுச்சு, விரல் நீளம் கூட இருக்காது. பெரிய மீனு ஒளிஞ்சுக்கறது கஷ்டம். ஏழு மீட்டர் வரைக்கும் வளரும்னு சொன்ன சீனத்துத் துடுப்பு மூக்கு மீன 2003ல கடைசியாப் பாத்தாங்க, யாங்சே ஆத்த அலசித் தேடிட்டு 2022ல அழிஞ்சுதுன்னு பட்டியல்ல எழுதிட்டாங்க. அதனால அதிசயம் வேணும்னா தூண்டில்ல மாட்டின பொடி மீன சலிப்போட தூக்கி வீசாதீங்க, அங்கதான் வாய்ப்பு ஜாஸ்தி.

கேள்வி: கையில மீனு துடிக்குது. ஒரு நிமிஷம்தான் இருக்கு. என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க.

பதில்: இதுதான் கேள்வி. முதல்ல கைய நனைங்க, காஞ்ச கையில பிடிச்சா அந்த வழவழப்பு உரிஞ்சு போயிடும், அதுதான் அதுக்குத் தோல் மேல தோல். கொக்கிய எடுக்கறப்பவே கரையோரத் தண்ணியில, இல்ல வாளியில வச்சுக்கோங்க, கேமராவ ரெடி பண்ணிட்டு அப்புறம் தூக்குங்க, நிறைய பேர் மீனத் தூக்கி வச்சுக்கிட்டு ஃபோனத் தேடறாங்க.

முதல் ஃபோட்டோ இடது பக்கம், மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும், நனைஞ்ச துணி மேலயோ ஈரப் புல்லு மேலயோ படுக்க வச்சு நேரா மேல இருந்து. ஆராய்ச்சிப் படங்கள்ல மீனோட தலை இடது பக்கம்தான் இருக்கும், ஒப்பிட சுலபம். பக்கத்துல அளவுக்கு ஏதாவது போடுங்க, தூண்டில் கைப்பிடி போதும். கைய நீட்டி கேமரா பக்கம் மீனத் தள்ளிக் காட்டறீங்களே, அந்தப் போஸ்ல ஜாண் மீனும் முழ மீனாத் தெரியும், எனக்கு அளவே கிடைக்காது, மேல முதல் கடிதக்காரர் அனுப்பினது அதுதான், மீசை தெரிஞ்சதால தப்பிச்சாரு. ரெண்டாவது ஃபோட்டோ முதுகுத் துடுப்ப விரலால மெல்லத் தூக்கி விரிச்சு. மூணாவது வாயக் கிட்டப் போய், கீழ இருந்து. நேரம் இருந்தா வால் கிட்ட இருக்கற அடித்துடுப்பு. அங்க உக்காந்து செதில் எண்ணாதீங்க, தெளிவா ஒரு ஃபோட்டோ இருந்தா வீட்ல வந்து பெருசு பண்ணி எண்ணிக்கலாம், தப்பா எண்ணினா மறுபடி எண்ணலாம். மூச்ச அடக்கிக்கோங்க, உங்களுக்கு முட்டறப்ப அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம், தண்ணியில விட்டுருங்க. ஒண்ணே ஒண்ணு, வெளிநாட்டுல இருந்து வந்து பெருகற மீனா இருந்தா திருப்பி விடறது பல இடத்துல சட்டப்படி தப்பு, உங்க இடத்து விதியத் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அப்புறம் அன்னைக்கே தேதி, இடம், தண்ணி கலங்கலா தெளிவா, என்ன இரை, எவ்வளவு ஆழம்னு நாலு வரி. "யாருக்கு இது?"ன்னு நினைக்காதீங்க. காவிரியோட பெரிய திமில் மாசீர், தூண்டில்காரங்க நூறு வருஷத்துக்கு மேல கொண்டாடின மீனு, 1946ல கபினி ஆத்துல 120 பவுண்டு பிடிச்சிருக்காங்க. அவ்வளவு பிரபலமான மீனுக்கு அறிவியல் பேரு எதுன்னு 2018லதான் முடிவு பண்ணினாங்க, டோர் ரெமாதேவி. அந்த வருஷமே அழிவோட விளிம்புல இருக்கற பட்டியல்ல சேர்ந்துடுச்சு. அது எவ்வளவு வேகமா குறைஞ்சுதுன்னு எதுல இருந்து தெரிஞ்சுது? காவிரியில மீனப் பிடிச்சுத் திருப்பி விட்ட தூண்டில்காரங்க 1998ல இருந்து 2012 வரைக்கும் எழுதி வச்ச கணக்குப் புத்தகத்துல இருந்து. திமில் மாசீர் குறையக் குறைய, வெளியில இருந்து கொண்டு வந்து விட்ட நீலத் துடுப்பு மாசீர் ஏறிக்கிட்டே போனது அந்தப் பக்கங்கள்ல அப்படியே இருந்துச்சு.

இடத்த மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க. அபூர்வ மீனுன்னா தொட்டிக்குப் பிடிச்சு விக்கறவன் உங்களுக்கு முன்னாடி அங்க நிப்பான். அருங்காட்சியகத்துக்கோ, விலங்கியல் துறைக்கோ, மீன்வளத் துறைக்கோ மட்டும் சரியான இடத்தச் சொல்லுங்க.

கேள்வி: மீனு கொக்கிய முழுங்கி செத்துப் போச்சு. ஃப்ரீசர்ல வச்சிருக்கேன். தப்பா?

பதில்: இல்ல, நல்ல காரியம். ஈரத் துணியில சுத்தி, காத்துப் போகாத கவர்ல போட்டு, துடுப்பு மடங்காம படுக்க வைங்க, துண்டுச் சீட்டுல தேதிய பென்சில்ல எழுதி உள்ளயே போடுங்க, பேனா மை கரைஞ்சிடும். வயித்தக் கிழிக்காதீங்க, குனிமாசு கதையில பாத்தீங்கல்ல, குடல் பக்கம் இருக்கற பை கூட சாட்சி சொல்லும். ஃபார்மலின் உங்க வேலை இல்ல, அதுல போட்டா மரபணு எடுக்கறதும் கஷ்டமாயிடும்.

கேள்வி: ஒருவேள நெசமாவே தொலைஞ்ச மீனுன்னு உறுதியானா என் பேர வைப்பாங்களா?

பதில்: தொலைஞ்ச மீனுக்கு ஏற்கனவே பேரு இருக்குதுங்க, பேரு இருந்தாத்தானே தொலைஞ்சுதுன்னே சொல்ல முடியும். புதுசா ஒரு ஜாதின்னா எழுதற ஆராய்ச்சியாளர் இஷ்டம், பிடிச்சவர் பேர வைக்கறதும் உண்டு, தன் பேரத் தானே வச்சுக்கறது மட்டும் அந்த வட்டாரத்துல அசிங்கம். ஆனா மீனு அருங்காட்சியகத்துக்குப் போச்சுன்னா கண்ணாடி ஜாடியில ஒரு சீட்டு போடுவாங்க, எந்த இடம், எந்தத் தேதி, யாரு பிடிச்சதுன்னு. அந்த மூணாவது வரியில நீங்க வரலாம். ரெண்டாவது வரிய அவங்க உங்ககிட்டதான் கேப்பாங்க, "போன கோடையில ஒரு நாள்"னு மட்டும் சொல்லிடாதீங்க.